டாப்னி குதிக்க ஒரு கூண்டு

கிளாரி வோஸ்பர் கட்டிய எதுவும் வளைந்ததில்லை என்பது எங்கள் ஆற்றங்கரை முழுக்கத் தெரிந்த செய்தி. அந்தச் செய்தியை முதலில் பரப்பியவரும் கிளாரிதான். அதனால் அது பொய்யாகிவிடுமா? மழைக்காலத்தில் ஆறு பொங்கி மாட்டுக் கொட்டகைகளை எல்லாம் அடித்துக்கொண்டு போனபோது, கிளாரி போட்ட இரும்புக் கேட்டு மட்டும் வேலியில்லாமல் தனியாக நின்றது. அதை அவர் ஆள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். கேட்டு எதைக் காக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வைத்திருப்பார்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். போர் கிணறு போடும் கோஷ்டியோடு சேர்ந்து பூமியில் ஓட்டை போட்டுப் பிழைத்தார். வெல்டிங்கை முதன்முதலாகக் கையில் பிடித்த அன்று, முதலாளியின் தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போட்டார். கூடவே தன் பூட்ஸிலும் போட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே கெடுத்து, தானே ஒட்டி, தானே கற்றார். பிறகு கூலிபா கிராசிங்கில் நான்கு தகரத்தைச் சாய்த்து ஒரு பட்டறை போட்டார். அவர் மனைவி மேவிஸ் பக்கத்திலேயே பெட்ரோல் பம்பும் சாப்பாட்டுக் கடையும் வைத்தாள். வண்டி கெட்டு நின்றவன் ஒருத்தரிடம் மாட்டுவான், பசித்து நின்றவன் இன்னொருத்தரிடம் மாட்டுவான்.

அந்த வருடங்களில் காட்டுக்காளை பிடிப்பதுதான் எங்கள் பக்கத்துப் பெரிய தொழில். மேற்கூரையும் கதவும் கண்ணாடியும் அறுத்தெறிந்த ஜீப். முன்னால் இரும்புக் கட்டைமேல் பழைய டயர்களைக் கட்டியிருப்பார்கள். ஓடுகிற காளையைத் துரத்தி, டயரால் இடித்துச் சாய்த்து, அது எழுவதற்குள் இடப்பக்கம் இருப்பவர் குதித்துப்போய்ப் பின்னங்கால்களை வாரால் கட்ட வேண்டும். மேடும் பள்ளமும் கரையான் புற்றுமாகக் கிடக்கிற காட்டில் இந்த ஓட்டம் ஓடினால் ஜீப் கவிழாமல் இருக்குமா? கவிழும். அப்போது உள்ளே இருப்பவர் நசுங்காமல் காப்பாற்ற, மேலே குழாயால் ஒரு கூண்டு வேண்டும். ஆற்றின் இரண்டு கரையிலும் ஓடிய காளை ஜீப்புகள் எல்லாவற்றிலும் கிளாரி கட்டிய கூண்டுதான்.

கூண்டு கட்டியவன் முதல் காளைக்கு அதே வண்டியில் உட்கார்ந்து போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். சமைத்தவள் முதல் கவளத்தைத் தானே தின்று காட்டுவது மாதிரி. கிளாரி எந்த வண்டியிலும் பின்வாங்கியதில்லை. மடியில் ஒரு ரொட்டித் துண்டும் உப்புக்கண்டமும் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி ஏறி உட்காருவார்.

அவர் கூண்டின் ரகசியம் ஒன்றே ஒன்று. போர் குழாய். பழைய கிணறுகளில் இருந்து உருவிப் போட்ட கேசிங் குழாய் எங்கள் பக்கம் மலைபோலக் கிடக்கும். படுக்கும் கட்டில், கொடிக்கம்பம், மேவிஸின் அடுப்பு எல்லாம் அந்தக் குழாய்தான். "பருமன்தான் பலம்" என்பார் கிளாரி. குழாயில் முஷ்டியை நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால்தான் அது குழாய், இல்லாவிட்டால் அவருக்கு அது வைக்கோல்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஹெக்டரின் ஜீப் கவிழ்ந்தது.

ஹெக்டர் அந்த ஆற்றுக்கு ஆதியிலிருந்தே சொந்தக்காரரான பூர்வகுடி ஜனங்களில் ஒருவன். எங்கள் பக்கத்தில் அவனைப் போல ஜீப் ஓட்ட ஆள் கிடையாது. இடப்பக்கம் உட்கார்ந்து குதிப்பவள் அவன் மனைவி டாப்னி. குள்ளமான உடம்பு, கையில் வார், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு கேலி. இவள் குதித்தால் காளை எழாது என்று மற்ற கோஷ்டிக்காரர்களே ஒப்புக்கொள்வார்கள். அன்றைக்கு ஒரு காளை நின்று திரும்பி இடித்தது. டாப்னி அப்போதுதான் குதித்திருந்தாள். ஜீப் ஒருக்களித்துப் புரண்டது. ஹெக்டருக்குக் காறை எலும்பு முறிந்தது.

செய்தி கேட்டதும் கிளாரி ஓடினார். ஹெக்டரைப் பார்க்கத்தான் ஓடினார். ஆனால் வழியில் ஜீப் கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து குழாயை ஒவ்வொரு சாணாகத் தடவிப் பார்த்தார். பிறகு மரத்தடியில் கையைத் தூளிகட்டி உட்கார்ந்திருந்த ஹெக்டரிடம் வந்து, முகமெல்லாம் மலர்ச்சியாக, "வளையவே இல்ல, பாத்தியா?" என்றார்.

டாப்னி தகர டின்னில் கொதித்த தேநீரைக் கீழே வைத்தாள்.

"ஆமா கிழவா. உன் கூண்டு வளையல. என் புருஷன்தான் வளைஞ்சுட்டான்."

எங்கள் பக்கத்தில் 'கிழவா' என்பது மரியாதைச் சொல். அன்றைக்கு அதில் மரியாதை இருந்த மாதிரித் தெரியவில்லை.

கிளாரி திரும்பிப்போய் மறுபடி பார்த்தார். இந்தத் தடவை குழாயைப் பார்க்கவில்லை, குழாயின் பாதத்தைப் பார்த்தார். நான்கு பாதங்களையும் ஜீப்பின் தரைத்தகட்டில் பற்றவைத்திருந்தார். பற்றவைத்த இடம் பிடித்தபடியே இருந்தது. தகடுதான் காகிதம் மாதிரிக் கிழிந்திருந்தது. கூண்டு அப்படியே முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், ஹெக்டரின் தோள் இருந்த இடத்தின்மேல் சாய்ந்திருந்தது. வேலி போன பிறகு தனியாக நின்ற அந்தக் கேட்டு கிளாரிக்கு ஏனோ ஞாபகம் வந்தது.

"தகடு துரு பிடிச்சுப்போச்சு," என்றார்.

"உன் கூண்டு நிக்கிறதுக்கு உலகத்துல வேற இடமே கிடைக்கலியா?" என்றாள் டாப்னி. "சரி, நீ நல்லாக் கேட்டுக்க. இவன் எலும்பு சேர்ந்ததும் மறுபடி ஓட்டத்தான் போறான். சும்மா உக்கார வெச்சா என்னைக் கொன்னுடுவான். ஆனா நான் நம்புற கூண்டு இருந்தாத்தான் ஏறுவான். நான் உருண்டா, கூண்டு என்னை உள்ளேயே பிடிச்சு வெக்கணும். காளை சாஞ்சா, என்னை வெளியே விடணும். ரெண்டும் வேணும். முடியும்னா கட்டு. முடியாதுன்னா சொல்லிடு, கேத்தரின் ஊர்ல ஒருத்தன் கட்டுறானாம்."

கேத்தரின் ஊர்க்காரன் என்றதும் கிளாரிக்குச் சுருக்கென்று தைத்தது. டாப்னி ஒரு கூண்டை வேண்டாம் என்றால், ஆற்றங்கரையில் வேறு எந்தப் பெண்ணும் தன் ஆளை அதில் ஏறவிட மாட்டாள். கூண்டு போனால் கிளாரி வோஸ்பர் யார்? மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு கிழவன், அவ்வளவுதான்.

"கேத்தரின்காரனா? அவன் கட்டினதுல கோழி கூட அடையாது. நான் கட்டுறேன்," என்றார்.

முதலில் அவருக்கு எப்போதும் வருகிற யோசனைதான் வந்தது. இன்னும் பெரிய குழாய். பாதங்களை இந்தத் தடவை தகட்டில் வைக்கவில்லை. கீழே வண்டியின் அடிச்சட்டமான சேஸ் வரைக்கும் இறக்கி, கனத்த இரும்புப் பட்டை வைத்து, போல்ட் போட்டு முடுக்கினார். அது நல்ல வேலை. அதற்குமேல் அவர் செய்ததுதான் வினை. தலைக்குமேல் குழாய், அதன்மேல் குழாய், குறுக்கே இன்னும் இரண்டு குழாய். மூன்று பேர் பிடித்துத் தூக்கித்தான் வைத்தார்கள். இடப்பக்கத்தை டாப்னி குதிக்க வழக்கம்போலத் திறந்தே விட்டார். அவளை உள்ளே பிடித்து வைப்பது பற்றி, "அவ்வளவு இரும்பு இருக்கும்போது எங்க விழப்போறா?" என்று சொல்லிக்கொண்டார்.

குதிரைப் பந்தயத் திடலில் வெள்ளோட்டம் என்று ஊருக்கே சொல்லி அனுப்பினார். ஜனங்கள் பாயும் பீர் டின்னுமாக வந்து உட்கார்ந்தார்கள். மேவிஸ் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். கிளாரியே தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓட்டினார். நேராகப் போகும்போது ராஜநடை. ஒரு முனையில் வந்து, கன்றுக்குட்டி துரத்துகிற வேகத்தில்தான் வலப்பக்கம் ஒடித்தார். ஜீப் கொஞ்சம் யோசித்தது. பிறகு பகல் தூக்கத்துக்குப் படுக்கிற பசுமாடு மாதிரி, மெதுவாக, மரியாதையாக இடப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது.

யாருக்கும் அடியில்லை. கிளாரியின் தொப்பி மட்டும் உருண்டு போயிற்று. பிறகு சிரிப்பு வெடித்தது பாருங்கள், மரத்திலிருந்த காக்கட்டூப் பறவைகள் எல்லாம் பறந்தன.

லாரிக்காரர் பாஸ்கோ எழுந்து நின்று, "கிளாரி! காளையும் இப்படித் தானாப் படுத்துக்கிட்டா நமக்கெல்லாம் வேலையே இல்லையே!" என்று கத்தினார்.

டாப்னி நடந்துவந்து, படுத்திருந்த ஜீப்பின் திறந்த பக்கத்தைத் தேடினாள். அது மண்ணோடு இருந்தது.

"நான் உக்காந்திருந்தா இப்ப எங்க இருப்பேன், கிழவா?"

கிளாரி மண்ணைப் பார்த்தார்.

"கூண்டு வளையல," என்றார். ஆனால் குரல் எழும்பவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவர் பார் பக்கமே போகவில்லை. பட்டறைக்குள் உட்கார்ந்து, குழாய் குழாயாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், வைத்தியர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பது மாதிரி. மேவிஸ் தேநீரைக் கொண்டுவந்து வைப்பாள், அது ஆறிப்போகும்.

"இன்னும் பெரிய குழாய் தேடுறியா?" என்றாள் ஒருநாள்.

"யோசிக்கிறேன்."

"யோசி. ஆனா ஒண்ணு சொல்றேன். நல்லவேளை, அந்தத் தண்ணிக் காத்தாடிய நீ உன் குழாயில கட்டல. கட்டியிருந்தா அது காத்துல விழறதுக்கு முன்னாடி பூமிக்குள்ள போயிருக்கும்."

குத்திக்காட்டத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கிளாரி வாசலுக்கு வந்து கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் காற்றாடி. வாலிப வயதில் அவரே நட்டு முடுக்கித் தூக்கி நிறுத்தியது. எத்தனையோ புயல் பார்த்த கோபுரம். அதன் கால்கள்? பெருவிரல் தடிமன்கூட இல்லை. முஷ்டி என்ன, சுண்டுவிரல்கூட நுழையாது. ஆனால் மேலிருந்து கீழ்வரை குறுக்கும் நெடுக்கும் சரிவுக் கம்பிகள். எங்கே பார்த்தாலும் முக்கோணம்.

உள்ளே ஓடினார். வெல்டிங் ராடுகளை எடுத்துச் சின்னதாக ஒரு கூண்டு ஒட்டினார், நான்கு கால், மேலே சதுரம். விரலால் மேலே தள்ளினார். பல்லாங்குழிப் பலகை மடங்குவது மாதிரி மடங்கிற்று. இன்னொன்று செய்தார். அதில் பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரு ராடு, தலைக்குமேல் ஒரு ராடு, பக்கத்துக்கு ஒன்று. தள்ளினார். அசையவில்லை. பெஞ்சுமேல் வைத்து, ஊரிலேயே பெரிய பிருஷ்டம் என்று பெயரெடுத்த தன் பிருஷ்டத்தை மெதுவாக அதன்மேல் இறக்கினார். நின்றது!

"மேவிஸ்! இங்க வா! நான் கண்டுபிடிச்சுட்டேன்!"

மேவிஸ் வந்து பார்த்தாள். புருஷன் பெஞ்சுமேல் கோழி அடை உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்னத்த, முட்டையையா?" என்றாள்.

மெல்லிய குழாய் வேண்டும். ஒட்டுத் தையலில்லாமல் ஒரே இழுப்பில் இழுத்த நல்ல இரும்பு, இரண்டு விரல் தடிமன். அது டார்வினிலிருந்துதான் வர வேண்டும். வாழ்நாள் முழுக்க 'பருமன்தான் பலம்' என்று முழங்கிய மனிதர் மெல்லிய குழாய் வாங்குவது ஊருக்குத் தெரியலாமா? பாஸ்கோவின் லாரியில் தார்ப்பாய்க்குள் சுற்றி, மேலே ஆட்டுத்தீவன மூட்டை போட்டுக் கொண்டுவரச் சொன்னார். பாஸ்கோ சுற்றித்தான் கொண்டுவந்தார். ஆனால் வழியில் நின்ற இடத்திலெல்லாம் பிரித்துக் காட்டிக்கொண்டே வந்தார்.

"என்ன கிளாரி, சைக்கிள் செய்யப் போறியா?"

"செய்வேன். உன் லாரியை அதுல கட்டி இழுப்பேன்," என்றார் கிளாரி. அவருக்கு வாய் திரும்பிவிட்டது.

குழாய்க்குள் ஆற்றுமணலைக் காயவைத்துக் கெட்டித்து, இரு முனையும் மரக்கட்டை அடித்து, நெருப்பில் காய்ச்சி வளைத்தார். மணல் இருந்தால் வளைவில் குழாய் நசுங்காது. எங்கெல்லாம் இரண்டு குழாய் கூடுகிறதோ அங்கெல்லாம் மூலைக்கு ஒரு தகடு. இணைப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் பற்றவைத்தார், தெரிகிற பக்கம் மட்டுமல்ல, எட்டாத பக்கமும். அதற்காக ஜீப்புக்கடியில் மல்லாந்து படுத்துத் தாடியைக் கொஞ்சம் பொசுக்கிக்கொண்டார். மேலே கனம் பாதிக்குப் பாதி குறைந்தது. எல்லாம் சரி. டாப்னியின் பக்கம்தான் பாக்கி. கம்பி போட்டால் அவள் குதிக்க முடியாது. போடாவிட்டால் அவள் உள்ளே நிற்க மாட்டாள்.

ஒருநாள் அவளே குதிரையில் வந்தாள், ஹெக்டரின் எலும்பு சேர்ந்துவிட்டது என்று சொல்ல. பட்டறை முன்னால் இறங்கினாள். கிளாரி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மறுபடி ஏறு," என்றார்.

"என்ன?"

"ஏறி இறங்கு."

டாப்னி ஏறி இறங்கினாள். "இன்னொருதரம்." இறங்கினாள். "மெதுவா." மெதுவாக இறங்கினாள். கிளாரி சுண்ணக்கட்டியோடு குதிரையைச் சுற்றி வந்தார். குதிரை காதை ஆட்டிக்கொண்டு அவரைச் சந்தேகமாகப் பார்த்தது.

"என்ன கிழவா, தையல்காரனாயிட்டியா? எனக்குச் சட்டை தைக்கிறியா, குதிரைக்கா?"

"ரெண்டு பேருக்கும் இடுப்பு ஒரே அளவுதான், வாயை மூடிக்கிட்டு இறங்கு."

அவர் பார்த்தது இதைத்தான். இறங்கும்போது அவளுடைய கால் முதலில் போகிறது, முன்பக்கமாக, தாழ்வாக. பிறகு இடுப்பு. தோள் கடைசிவரை குதிரையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. கால் போகத்தான் வழி வேண்டும். தோளைத்தான் பிடித்து வைக்க வேண்டும். சேணத்தின் பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு சரிவுக் கோடு இழுத்தார், பின்னால் தோள் இருக்கும் பக்கம் உயரத் தொடங்கி, முன்னால் பாதத்தை நோக்கிச் சரிய.

"இங்க ஒரு குழாய் வந்தா?" என்றார்.

டாப்னி அந்தக் கோட்டைப் பார்த்தாள். ஏறினாள், காலைக் கோட்டுக்கு முன்னால் வீசி இறங்கினாள். கேலி ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் கிளாரிக்கு நம்பிக்கை வந்தது.

அந்தச் சரிவுக் குழாய் இன்னொரு முக்கோணமும் ஆயிற்று. அதற்குப் பிறகு பெல்ட். கட்டிக்கொண்டால் குதிக்க நேரமாகும் என்று எங்கள் பக்கம் இடப்பக்கத்தார் யாரும் பெல்ட் கட்டுவதில்லை. கிளாரி, மாட்டு மந்தையை மேலே பறந்து விரட்டும் ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து கிடந்த இடத்துக்குப் போய், அதன் பெல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார். கொக்கியை ஒரு தட்டுத் தட்டினால் போதும், மொத்தமாகக் கழன்றுவிடும்.

ஹெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது ஏற்கனவே ஒருதரம் விழுந்த பெல்ட் ஆச்சே, கிழவா."

"அதனாலதான் எடுத்தேன். அனுபவம் உள்ளது."

இந்தத் தடவை வெள்ளோட்டத்துக்கு ஊரைக் கூப்பிடவில்லை. நேராகக் காளைக்கே போனார்கள். வழக்கப்படி கிளாரியும் ஏறினார். இருக்கைகள் இரண்டுதான் என்பதால், பின்னால் கூண்டுக் கால்களுக்கு நடுவே ஸ்டெப்னி டயர்மேல் உட்கார்ந்து, மூன்றாவது பெல்ட்டைக் கட்டிக்கொண்டார். மடியில் உப்புக்கண்டம்.

"ஆடாம உக்காரு," என்றாள் டாப்னி. "நீ பேசிக்கிட்டே வந்தா காளைக்குக் கூடக் கேட்டுடும்."

வெயில் ஏறும் நேரம், நீர்ப்பள்ளத்துப் பக்கம் ஒரு கருஞ்செவலைக் காளை நின்றது. கொம்பு இரண்டும் சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி அகன்று இருந்தன. ஜீப்பைக் கண்டதும் ஓடிற்று. ஹெக்டர் விட்டான் பாருங்கள் வண்டியை! மரத்துக்கு மரம் ஒடித்தான். ஒவ்வொரு ஒடிப்பிலும் கிளாரி மூச்சைப் பிடித்தார். ஜீப் படுத்துக்கொள்ளவில்லை, பூனை மாதிரி தரையைக் கவ்விக்கொண்டு திரும்பிற்று.

"எப்படி?" என்று பின்னாலிருந்து கத்தினார். "கட்டினது யாரு?"

"வாயை மூடு கிழவா!" என்று முன்னாலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

டயர் காளையின் தொடையில் பட்டது. காளை தடுமாறியது. ஆனால் விழவேண்டிய காளை விழாமல் பக்கவாட்டில் திரும்பி, கொம்பை முன்சக்கரத்தடியில் கொடுத்து நெம்பிற்று. அதே நேரம் வலச்சக்கரம் ஒரு கரையான் புற்றில் ஏறிற்று. வானம் கீழே வந்தது. சிவப்பு மண் மேலே போயிற்று. மடாரென்று ஒரு சத்தம், இரும்பு கல்லில் மோதிய சத்தம். பிறகு எல்லாம் நின்றது.

கிளாரி தலைகீழாகத் தொங்கினார். உப்புக்கண்டம் முகத்தில் கிடந்தது. சக்கரம் ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"டாப்னி!" ஹெக்டரின் குரல். அவனும் தொங்கிக்கொண்டிருந்தான். "டாப்னி! எங்க இருக்கே?"

பதில் வரவில்லை. கிளாரிக்கு வளைந்ததா, வளையவில்லையா என்பதெல்லாம் எங்கோ போய்விட்டது. அந்த நேரத்தில் அவர் கேட்க ஆசைப்பட்டது ஒரே ஒரு கேலிதான். அவள் வாயிலிருந்து ஏதாவது ஒன்று. ஹெக்டர் மறுபடி கத்தினான்.

"டாப்னி!"

"கத்தாதே! வேலையா இருக்கேன்!"

குரல் வெளியிலிருந்து வந்தது. இருவரும் கழுத்தைத் திருப்பித் தலைகீழாகப் பார்த்தார்கள். ஜீப் புரண்டபோது அடிபட்டுக் காளையும் சாய்ந்து மயக்கத்தில் கிடந்தது. அதன் பின்னங்கால்மேல் முழங்காலை ஊன்றி, டாப்னி வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஜீப் உருண்டு நிற்கும்வரை பெல்ட்டும் தோள்குழாயும் அவளைப் பிடித்திருந்தன. நின்ற நொடியில் கொக்கியைத் தட்டி, கால் வழியே நழுவி, போய்விட்டாள். தலைகீழாக இருந்தாலும் கால் போகும் வழி கால் போகும் வழிதான்.

கட்டி முடித்துவிட்டு வந்து இருவரையும் இறக்கினாள். ஹெக்டருக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு. கிளாரிக்குத் தாடியில் மண். அவ்வளவுதான்.

மூவருமாக ஜீப்பை நெம்பி நிமிர்த்திய பிறகுதான் கிளாரி கூண்டைப் பார்த்தார். பாதங்கள் நான்கும் சேஸில் அப்படியே இருந்தன. சரிவுக் குழாய்கள் நேராக இருந்தன. ஆனால் டாப்னியின் தலைக்கு நேர் மேலே, முன் மூலையில், கல்லில் மோதிய இடத்தில் குழாய் உள்ளே அமுங்கி வளைந்திருந்தது. கிளாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டு, அடுப்பு, கொடிக்கம்பம், கட்டில், இத்தனை வருடத்து இரும்பு. முதல் வளைவு. அதுவும் இரண்டு சாட்சிகள் முன்னால். தொப்பியைக் கழற்றினார்.

"வளைஞ்சுருச்சு," என்றார்.

டாப்னி வந்து எட்டிப்பார்த்தாள். அமுங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு தன் தலைமேல் கையை வைத்து அளந்தாள். தலைக்கும் அதற்கும் நடுவில் இன்னும் ஒரு தொப்பி வைக்க இடமிருந்தது.

"இது வளைஞ்சுது, கிழவா. அதனால நான் வளையல."

கிளாரி தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஹெக்டர் அவர் தோளில் தட்டினான், சேர்ந்த எலும்புப் பக்கத்துக் கையாலேயே. "நாளைக்கும் இதுலதான் வருவேன்," என்றான். எங்கள் ஆற்றங்கரையில் அதைவிடப் பெரிய பட்டம் யாருக்கும் கொடுப்பதில்லை.

மாலை வெயில் இறங்கும்போது கிளாரி பாருக்குப் போனார். பாஸ்கோ அங்கே காத்துக்கொண்டிருந்தார்.

"வளைஞ்சுதாமே, சைக்கிள்?"

"வளைஞ்சுது," என்றார் கிளாரி, ஊரே கேட்கும்படி. "எவன் கூண்டும் வளையாம இருக்கும், அது பெரிய வித்தையா? எங்க வளையணுமோ, எவ்வளவு வளையணுமோ, அங்க அவ்வளவு வளையற கூண்டு இந்த நாட்டுலயே ஒருத்தன்தான் கட்டுறான். அவன் எதிர்ல நீ உக்காந்திருக்கே. எழுந்து போய் எனக்கு ஒரு பீர் வாங்கிட்டு வா."

பாஸ்கோ வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்த வளைந்த குழாயை வெட்டியெடுத்துப் புதிதாக ஒன்று பற்றவைத்தார் கிளாரி. வெட்டியதைத் தூக்கிப் போடவில்லை. பட்டறை வாசலில், பெயர்ப்பலகை இருந்த இடத்தில் கட்டித் தொங்கவிட்டார். போகிறவர் வருகிறவர் தலையில் அது இடிக்கும். இடித்தவருக்கெல்லாம் முழுக் கதையும் சொல்வார். மேவிஸுக்குக் கதை மனப்பாடம். காற்றாடி வருகிற இடம் வந்ததும் அவள் கடைக்குள்ளிருந்து தொண்டையைக் கனைப்பாள், அவர் அவசரமாக, "மேவிஸ்தான் சொன்னா, சும்மா ஒரு பேச்சுக்கு," என்று சேர்த்துக்கொள்வார்.

டாப்னி அடுத்த வாரமே வந்தாள். தனியாக வரவில்லை. பக்கத்தில் இன்னொரு பெண், அவளைவிடவும் ஒரு பிடி குள்ளம்.

"என் தங்கச்சி, கிழவா. அவ புருஷனும் ஜீப் வாங்கிட்டான். அவதான் குதிக்கப் போறா," என்றாள். "அளவெடுக்கணுமே. எந்தக் குதிரையைக் கொண்டு வரட்டும்?"

கிளாரி சுண்ணக்கட்டியைத் தேட ஆரம்பித்தார்.

"குட்டையான குதிரையா பாத்துக் கொண்டு வா," என்றார். "கடிக்காததா இருக்கட்டும்."